'ஸ்டாண்ட்பை' என்று ஒட்டிவிட்டால் போதுமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எந்த நாட்டில் வேலை என்பதையும் சொல்லவில்லை. கிடங்கின் பழைய டீசல் ஜெனரேட்டர் இனித் தாங்காது என்பதால் 500 கேவிஏ செட் ஒன்று வாங்கப் போகிறார்கள். மூன்று விலைப்புள்ளிகள் வந்திருக்கின்றன. முதலாவது 'அவசரகாலப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற வகை. புகைக்குழாயில் சுத்திகரிப்புக் கருவி எதுவும் இல்லை, விலையும் குறைவு. இரண்டாவதில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசலைத் தெளிக்கும் எஸ்.சி.ஆர். கருவியும் துகள் வடிகட்டியும் இருக்கின்றன. விலை கணிசமாகக் கூடுதல். மூன்றாவது, முதலாளிக்குத் தெரிந்தவர் தள்ளிவிடப் பார்க்கும் பத்து வருடப் பழைய செட்.

முதலாளிக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. "நம்முடையது ஸ்டாண்ட்பை; இந்தச் சட்டமெல்லாம் மின் நிலையங்களுக்கு" என்கிறார். உச்ச நேரத்தில் சொந்த ஜெனரேட்டரை ஓட்டிக்கொள்பவர்களுக்கு மின் நிறுவனம் பணம் தருகிறதாம். அதில் சேர்ந்தால் செட் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும் என்பது அவர் கணக்கு. "இரண்டாவதையே வாங்கினாலும் அந்த யூரியா சமாச்சாரத்தை ஒரே நாளில் கழற்றிவிடலாம்" என்று மெக்கானிக் தைரியம் சொல்கிறார். "எங்கள் பழைய எஞ்சினில் கண்ணுக்குத் தெரிகிற புகையே இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு கெடுபிடி? எல்லாப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுவது நான்தான். நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

தேவையில்லாமல் பயப்படவில்லை. ஆனால் பயத்தைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். எந்த செட்டை வாங்குவது என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதை எதற்காக, வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் வழக்கறிஞர் ஆவதற்கு முன் சில காலம் எஞ்சின் பட்டறையில் இருந்தவன். இந்த மாதிரி வழக்குகளில் என் முன் வந்து நிற்பது பெரும்பாலும் எஞ்சின் பழுது இல்லை. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணிமீட்டரும் லாக் புக்கும் வேறு வேறு கதை சொல்வதுதான்.

உங்கள் முதலாளியின் திட்டம் ஒன்றுபோலத் தெரிகிறது, உண்மையில் இரண்டு. அவசரகால எஞ்சின் என்று சொல்லி வாங்குவது ஒன்று. அதை வருமானத்துக்கு ஓட்டுவது இன்னொன்று. இரண்டில் ஒன்றை அவர் விட்டுத்தான் ஆக வேண்டும்.

'ஸ்டாண்ட்பை' என்றால் யார் சொல்லும் ஸ்டாண்ட்பை?

இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் வழக்கம். நேம் பிளேட்டில் உள்ள ஸ்டாண்ட்பை, உற்பத்தியாளர் தரும் திறன் அளவு. ஐ.எஸ்.ஓ. 8528 தரத்தின்படி அவசரகாலத் திறன் என்று குறித்த செட்டை வருடத்துக்கு 200 மணி நேரம் வரை, சராசரியாக அந்தத் திறனில் 70 சதவீதச் சுமைக்கு மிகாமல் ஓட்டலாம். 'பிரைம்', அதாவது முதன்மைப் பயன்பாட்டுத் திறன், என்று குறித்திருந்தால் மணிக்கணக்குக்கு வரம்பில்லை. இது எஞ்சினின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு. காற்றில் என்ன கலக்கிறது என்பதைப் பற்றி இது எதுவும் பேசாது.

சட்டத்தின் ஸ்டாண்ட்பை வேறு. அது நீங்கள் எஞ்சினை எந்தக் காரணத்துக்காக ஓட்டினீர்கள் என்று பார்க்கும். நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதால் மூன்று விதிப்புத்தகங்களைத் திறந்து காட்டுகிறேன். உங்களுடையது எது என்று நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் நிலையான, அதாவது ஓரிடத்தில் நிற்கும், டீசல் எஞ்சின்களுக்கான வெளியேற்ற விதி 2006 இல் வந்தது. அவசரகால எஞ்சின்களுக்கு அங்கே உண்மையிலேயே சலுகை இருக்கிறது: மற்றவை எட்ட வேண்டிய 'டியர் 4' அளவை இவை எட்ட வேண்டியதில்லை ('டியர்' என்பது வெளியேற்ற வரம்பின் படி; எண் கூடினால் கெடுபிடி கூடும்). உங்கள் அளவிலான எஞ்சினுக்கு 'டியர் 3' போதும். மின்சாரம் உண்மையிலேயே போனால் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஓட்டலாம். சோதனைக்கும் பராமரிப்புக்கும் வருடத்துக்கு 100 மணி நேரம். அந்த 100க்குள் 50 மணி நேரத்தை அவசரமில்லாத வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உச்ச நேரச் சுமையைக் குறைக்கவோ, மின்கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுத்துப் பணம் பார்க்கவோ பொதுவாக அனுமதியில்லை. எஞ்சின் மீதே 'நிலையான அவசரகாலப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்ற லேபிள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த லேபிளைத்தான் உங்கள் முதலாளி விலக்கு என்று படிக்கிறார். அது நிபந்தனை. நிபந்தனையை மீறி ஓட்டினால் அந்த எஞ்சின் அவசரகால எஞ்சினாகவே கருதப்படாது. சாதாரண எஞ்சினுக்குரிய அத்தனை விதிகளும் அதன் மேல் வந்து உட்காரும். சுத்திகரிப்புக் கருவியே இல்லாத செட் அந்த விதிகளை எப்படி எட்டும்?

முதலாளி சொல்லும் வருமானத் திட்டத்துக்கு அங்கே ஒரு வரலாறே இருக்கிறது. மின்கட்டமைப்பு நெருக்கடியில் இருக்கும்போது கட்டணத்துக்கு ஓட அவசரகால எஞ்சின்களுக்கு வருடம் 100 மணி நேரம் வரை அனுமதி தரப்பட்டிருந்தது. டெலவேர் மாநிலம் தொடுத்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 மே மாதம் அந்த அனுமதியை ரத்து செய்தது. சுத்திகரிப்பு இல்லாத ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் வெயில் கொளுத்தும் நாளில், காற்று ஏற்கெனவே கெட்டிருக்கும் நேரத்தில் ஒன்றாக ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே சண்டை. உச்ச நேரம் என்பதே பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரம்தானே.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு வழி. 'ஸ்டேஜ் 5' என்று விற்பனையாளர்கள் சொல்லும் வெளியேற்ற விதி நகரும் இயந்திரங்களுக்கானது. டிரெய்லரில் இழுத்துச் செல்லும் செட்டுக்குப் பொருந்தும், தளத்தில் நிரந்தரமாக நிற்கும் செட்டுக்குப் பொருந்தாது. நிற்கும் செட்டுக்கு 2015 ஆம் ஆண்டின் நடுத்தர எரிப்பு நிலையங்களுக்கான ஆணை இருக்கிறது. அது 1 முதல் 50 மெகாவாட் வரை பார்க்கும். ஆனால் மின்சார மெகாவாட்டை இல்லை, எரிபொருளாக உள்ளே போகும் வெப்பத்தை. 500 கேவிஏ என்பது 0.8 பவர் ஃபேக்டரில், அதாவது அதில் பத்தில் எட்டுப் பங்கே உண்மையான வேலை செய்யும் மின்சாரம் என்ற கணக்கில், 400 கிலோவாட். முழுச்சுமையில் அதற்குத் தேவையான டீசலின் வெப்பத்தைக் கணக்கிட்டால் ஒரு மெகாவாட்டை ஒட்டி, சற்று மேலே வரும். அதாவது உங்கள் செட் சரியாக வாசற்படியில் நிற்கிறது. பல ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 500 மணி நேரத்துக்குள் ஓடுபவற்றுக்கு வெளியேற்ற வரம்பிலிருந்து விலக்கு தர உறுப்பு நாடுகளுக்கு அந்த ஆணை இடம் தருகிறது. தருகிறார்களா, எந்த நிபந்தனையில் தருகிறார்கள் என்பதை அந்தந்த நாட்டில்தான் கேட்க வேண்டும்.

இந்தியா என்றால் பதில் சுருக்கம். 2023 ஜூலை 1 முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சி.பி.சி.பி. 4 பிளஸ்' விதி 800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர் எஞ்சின்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஸ்டாண்ட்பை, பிரைம் என்ற பாகுபாடே அதில் இல்லை. அங்கே யாராவது 'அவசரகால வகை, சுத்திகரிப்பு தேவையில்லை' என்று உங்கள் அளவில் புது செட் விற்க வந்தால், எஞ்சின் எந்த மாதம் தயாரானது என்றும் வகைச் சான்றிதழ் எங்கே என்றும் முதலில் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடக்கூடும்.

இதில் ஒரு சின்ன விஷயம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வரம்புகள் எஞ்சினின் கிலோவாட்டை வைத்து வகுக்கப்பட்டவை. கேவிஏவைப் பார்த்து அட்டவணையில் விரல் வைத்தால் தவறான கட்டத்தில் போய் நிற்பீர்கள். உங்கள் 500 கேவிஏ செட்டில் எஞ்சினின் திறன் சுமார் 430 கிலோவாட் இருக்கும்.

புகை தெரியவில்லை என்றால் சுத்தமா?

இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைக்க வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். டீசல் எஞ்சினுக்குள் ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். எரிப்பு சூடாகவும் முழுமையாகவும் நடந்தால் கரி குறையும், ஆனால் அதே சூட்டில் காற்றிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். சூட்டைக் குறைத்தால் அவை குறையும், கரி தலைதூக்கும். கரும்புகை இல்லாத பழைய எஞ்சின் பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அது வெளியேற்றுவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். துகள்களிலும் மிக நுண்ணியவை கண்ணில் படுவதில்லை. டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 இல் சேர்த்தது.

இந்த இழுபறியை எஞ்சினுக்குள்ளேயே தீர்க்க ஓர் எல்லை உண்டு. அதனால்தான் புது விதிகள் புகைக்குழாய்க்கு வந்துவிட்டன: கரியை வடிகட்டி பிடிக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா வினையூக்கியின் மேல் நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறது.

எவ்வளவு வித்தியாசம் என்று உங்கள் செட்டை வைத்தே பாருங்கள். 400 கிலோவாட்டில் 100 மணி நேரம் ஓடினால் 40,000 யூனிட். டியர் 3 வரம்பில் நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து யூனிட்டுக்கு 4 கிராம், துகள் 0.2 கிராம். ஆக 160 கிலோவும் 8 கிலோவும். டியர் 4 இறுதி வரம்பில் நைட்ரஜன் ஆக்சைடு 0.4 கிராம், துகள் 0.02 கிராம், 16 கிலோ, 0.8 கிலோ. உங்கள் அளவு எஞ்சினுக்கு இந்தியாவின் புது விதியும் இதே எண்களைத்தான் வைத்திருக்கிறது. மின்தடைக்கு மட்டும் வருடத்தில் இருபது மணி நேரம் ஓடும் செட்டுக்கு இந்த வித்தியாசம் சிறிது. சட்டம் சில இடங்களில் சலுகை தருவதன் நியாயமும் அதுதான். வருமானத்துக்காக நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும் செட்டுக்கு அந்த நியாயம் இல்லை.

கழற்றிவிடலாம் என்ற யோசனை

வேண்டவே வேண்டாம். சான்றிதழ் பெற்ற எஞ்சினிலிருந்து சுத்திகரிப்புக் கருவியை நீக்குவதும், எஞ்சினின் கணினிப் பெட்டியை ஏமாற்றும் கருவி பொருத்துவதும் அமெரிக்கச் சட்டத்தில் நேரடியாகத் தடைசெய்யப்பட்டவை. செய்தவரும் மாட்டுவார், அந்தக் கருவியை விற்றவரும் மாட்டுவார். மற்ற இடங்களிலும், கழற்றிய அன்றே சான்றிதழ் போகும், உத்தரவாதம் போகும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சாக்கு கிடைக்கும். மெக்கானிக்கின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது என்பதையும் கவனியுங்கள். உங்கள் பெயர் இருக்கும்.

அதே நேரம், அவர் சலிப்புக்கும் காரணம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எஸ்.சி.ஆர். வேலை செய்யப் புகைக்குழாய் சூடாக வேண்டும், சுமார் 200 டிகிரி செல்சியசுக்கு மேல். பெரிய செட்டை வாங்கி 15 சதவீதச் சுமையில் உறுமவிட்டால் குழாய் சூடாகாது, யூரியா வெள்ளை உப்பாக நாசிலைச் சுற்றிப் படியும், வடிகட்டி அடைக்கும், திரையில் எச்சரிக்கை வரும், கடைசியில் எஞ்சினே திறனைக் குறைத்துக்கொள்ளும். இதைக் கருவியின் குற்றம் என்று சொல்லிவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி இது அளவு தவறிய கொள்முதல். வடிகட்டி இல்லாத எஞ்சினும் குறைந்த சுமையில் எரியாத டீசலையும் எண்ணெயையும் குழாயில் கசியவிடும். கறுப்புப் பிசினாக இணைப்புகளில் வழிவதைப் பழைய செட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

யூரியா கரைசலும் கொஞ்சம் கவனிப்பு கேட்கும். 32.5 சதவீதம் என்ற அளவு மாறக் கூடாது. தண்ணீர் கலந்து 'நீட்டிக்க' யாரையும் விடாதீர்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெடும், 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள். செம்பு, பித்தளை இணைப்புகளை அரிக்கும். வருடத்தில் சில மணி நேரமே ஓடும் செட் என்றால் தொட்டியில் பழைய கரைசலே கிடக்கும். தேதி எழுதி வைத்து மாற்றுங்கள்.

500 கேவிஏ வேண்டுமா?

நீங்கள் கேட்காத கேள்வி இது. குளிர்பதனக் கிடங்கில் பெரிய செட் வாங்குவதற்கு வழக்கமான காரணம் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம். அந்தச் சில நொடிகளுக்காக எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு, மீதி நேரமெல்லாம் குறைந்த சுமையில் ஓட்டுகிறோம். மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரோ வேகக் கட்டுப்பாட்டு டிரைவோ போட்டு, கம்ப்ரசர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினால் சிறிய செட் போதுமா என்று ஒரு வாரம் சுமையைப் பதிவுசெய்து பாருங்கள். கதவு மூடிய குளிர் அறை உடனே சூடாகிவிடாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எஞ்சின் சிறிதானால் இரண்டாவது விலைப்புள்ளிக்கும் முதலாவதுக்கும் இடையே உள்ள தூரமும் சுருங்கும்.

பழைய செட்டைப் பற்றி ஒரு பத்தி போதும். பழையது என்பதால் பழைய விதி என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே நிற்கும் செட்டுகளுக்குக்கூடப் பின்னால் விதிகள் வருகின்றன. டெல்லி தலைநகர் வட்டாரத்தில் பழைய டீசல் செட்டுகளுக்கு, குறைந்தது 70 சதவீதத் துகளைப் பிடிக்கும் கூடுதல் கருவி பொருத்தச் சொன்னது அப்படித்தான். தயாரிப்பு ஆண்டு தெரியாமல், லேபிள் இல்லாமல், சான்றிதழ் நகல் கைக்கு வராமல் அந்தத் தெரிந்தவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலாளியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மின் நிறுவனத்தின் திட்டத்தில் சேரப் போகிறோமா, இல்லையா? சேர்வது என்றால் இரண்டாவது வகை எஞ்சின், பிரைம் திறன், அதற்குரிய அனுமதி; இதில் பேரம் இல்லை. அல்லது அந்த உச்ச நேரச் சுமையை மட்டும் பேட்டரியிடம் விடலாமா என்று ஒரு விலை கேட்டுப் பாருங்கள். சேரவில்லை என்றால், உங்கள் நாட்டில் அவசரகாலச் சலுகை இருக்கும்பட்சத்தில், முதலாவது செட் முழுக்கச் சட்டபூர்வமானது. அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக வரும் 'ஓட்டுப்பா, பார்த்துக்கலாம்' என்ற உத்தரவுக்கு நான் நீதிமன்றத்தில் எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது லாக் புக். பூச்சியத்துக்குத் திருப்ப முடியாத மணிமீட்டர் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் தேதி, தொடக்க வாசிப்பு, முடிவு வாசிப்பு, சுமை, அப்புறம் 'காரணம்' என்று ஒரு கட்டம். பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள், அல்லது மேலிருந்து கீழ்வரை 'டிட்டோ' போடுகிறார்கள். "மாதச் சோதனை, 30 நிமிடம், 40 சதவீதச் சுமை" என்று எழுதிய ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். வெறும் "ஓடியது" என்ற வரியை எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்ளும். சோதனையையும் சுமையில்லாமல் செய்யாதீர்கள். அமெரிக்காவின் தீப்பாதுகாப்புத் தரம் மாதத்துக்கு 30 நிமிடம், குறைந்தது 30 சதவீதச் சுமை என்று கேட்கிறது. மற்ற நாடுகளிலும் பின்பற்ற நல்ல அளவு அது.

கடிதத்தோடு நீங்கள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். புகைக்குழாயின் வாய் கூரை விளிம்புக்குக் கீழே, அலுவலகத்துக்குக் காற்று இழுக்கும் குழாயிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. மழைக்காக அதன் மேல் தொப்பி வேறு. அந்தத் தொப்பி புகையைக் கீழே திருப்பி நேராக உங்கள் மேசைக்கு அனுப்புகிறது. குழாயைக் கூரைக்கு மேலே உயர்த்தி, தொப்பிக்குப் பதிலாகப் புகையழுத்தத்தில் தானே திறந்துகொள்ளும் மூடியைப் பொருத்துங்கள். புது செட் வரும்வரை இதற்குக் காத்திருக்க வேண்டாம், பழைய எஞ்சினுக்கே செய்துவிடுங்கள்.